எந்தப் பாதி?

மிஸ்ஸியம்மா வீட்டுக்கு நான் போனது ஒரு கடிதம் கேட்டுத்தான். வாரக்கடைசியில் முதியோர் இல்லம் ஒன்றுக்கு உதவிக்குப் போக விரும்பினேன். ஊரில் தெரிந்த ஒருவரின் கடிதத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். திருகோணமலையில் எங்கள் பாலையூற்று ஒழுங்கையில் தெரிந்த ஒருவர் என்றால் அவர்தான். மிஸ்ஸி என்றால் இங்கே தாதி. 34 வருடம் அரசாங்க வைத்தியசாலைகளில் தாதியாக வேலை செய்து, வார்ட்டுப் பொறுப்புச் சிஸ்டராக ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் இரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினால் ஒழுங்கைச் சனம் முதலில் தட்டுவது அவர் வீட்டுக் கேற்றைத்தான்.

கதிரையில் இருக்கச் சொன்னார். கடிதம் பற்றி நான் சொல்லி முடிக்கும் முன்பே என் மணிக்கட்டைப் பிடித்தார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகும் கையை விடவில்லை. இன்னொரு நிமிடம் போனது.

"நாடி 96. சைக்கிளை வேகமாக மிதித்து வந்திருக்கிறாய். மூச்சு 18."

"மூச்சை எப்போது பார்த்தீர்கள்?"

"இரண்டாவது நிமிடம். என் கை உன் கையில் இருந்தது, கண் உன் நெஞ்சில் இருந்தது. மூச்சை எண்ணப்போகிறேன் என்று சொல்லியிருந்தால் நீ வேறு விதமாக மூச்சு விட்டிருப்பாய்."

அன்று கடிதம் தரவில்லை. பின்னேரங்களில் வந்து போகச் சொன்னார். சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கி வரவும் சொன்னார். கடிதம் கிடைக்க மூன்று கிழமை ஆயிற்று.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உயர்தரம் உயிரியல் பிரிவில் இரண்டாம் தடவை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறேன். முதல் தடவை வந்த இசட் புள்ளி, அதாவது பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி, மருத்துவ பீடத்தின் வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் போகவில்லை. அம்மாவுக்கு இன்னும் ஆசை விடவில்லை. பஸ் நிலையத்தடியில் ஓட்டோ ஓட்டும் அப்பாவுக்கு நான் ஏதாவது ஒன்றைப் படித்தால் போதும். தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருட டிப்ளோமா என்றால் சுகாதார அமைச்சின் வர்த்தமானி அறிவித்தலைப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். நான்கு வருடப் பட்டப்படிப்பு என்றால் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. அதற்கும் இசட் புள்ளிதான் கதவு. எந்த வழி என்று இன்னும் தெரியாது. கூட்டாளிகள் மட்டும் எல்லாம் முடிவாகிவிட்டது போல என்னை 'ஆண் மிஸ்ஸி' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த எண்ணம் அம்மம்மா வார்ட்டில் கிடந்தபோது வந்தது. பெண்கள் வார்ட் என்பதால் பார்வையாளர் நேரத்தில் மட்டும்தான் என்னை உள்ளே விட்டார்கள். ஒரு பின்னேரம் அம்மம்மாவின் கட்டிலடிக்கு ஓர் ஆண் தாதி வந்தார். நோயாளியின் விபரம் எழுதிய டிக்கெட்டைப் பார்த்தார், சேலைன் ஓடுவதைப் பார்த்தார், போகிற போக்கில் அம்மம்மாவின் தலையைத் தூக்கித் தலையணையை மறுபக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார். கச்சான் காற்று அனலாய் வீசிய காலம். அடிப்பக்கம் குளிர்ந்திருக்கும் அல்லவா? அம்மம்மா கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். இப்படி ஒரு வேலை இருக்கிறதா என்று எனக்குத் தோன்றியது.

மிஸ்ஸியம்மாவிடம் இதைச் சொன்னேன். உருகிப்போவார் என்று எதிர்பார்த்தேன். "தலையைத் தூக்கும்போது பிடரியைப் பார்த்தாரா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "பார்த்திருப்பார். தலையணை திருப்புவது சும்மா இல்லை" என்றார்.

அவர் பாடம் இப்படித்தான் நடக்கும். புத்தகம் இல்லை. விறாந்தையில் அவருடைய பழைய கட்டில் ஒன்று, நோயாளியாகப் பெரும்பாலும் நான், சில நாள் பக்கத்து வீட்டுச் சின்னவன். படுத்திருப்பவரை எழுப்பாமல் விரிப்பு மாற்றுவது. சேட் போடும்போது இயலாத கையை முதலில் நுழைப்பது, கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் எடுப்பது. முகம் துடைக்கும்போது கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, சவர்க்காரம் இல்லாமல், ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வேறு மூலையால் துடைப்பது. கை கழுவும் பாடம் மட்டுமே நான்கு நாள் ஓடியது. சவர்க்காரமும் தண்ணீருமாய் 40 விநாடிக்குக் குறையக்கூடாது. பெருவிரலை எல்லோரும் மறப்பார்கள். நானும் மறந்தேன். ஒவ்வொரு நாளும் மறந்தேன்.

படுக்கைப்புண் பற்றி அவர் சொன்னதை மட்டும் விரிவாக எழுத வேண்டும். நான் இணையத்தில் படித்துவிட்டுப் போய், தோல் சிவந்திருக்கும், விரலால் அழுத்தினால் வெளிறாது, அதுதான் தொடக்கம் என்று ஒப்புவித்தேன். மிஸ்ஸியம்மா தன் முன்கையை நீட்டினார். நல்ல கறுப்பு. "இதில் எனக்குச் சிவப்பைக் காட்டு" என்றார். அழுத்திப் பார்த்தேன். சிவப்பும் இல்லை, வெளிறலும் இல்லை.

"அந்தப் புத்தகம் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது தம்பி. எங்கள் ஆட்களில் சிவப்பு வரும் என்று காத்திருந்தால் புண்தான் வரும். பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுப் பார். அந்த இடம் கூடக் கறுத்திருக்கிறதா? புறங்கையை வைத்துப் பார், சுடுகிறதா? தொட்டால் கல்லுப் போல இருக்கிறதா, சதசதவென்று இருக்கிறதா? நோகிறதா என்று கேள். யன்னலடி வெளிச்சத்தில் பார், பல்ப் வெளிச்சத்தை நம்பாதே."

பார்க்க வேண்டிய இடங்கள்: குண்டி எலும்பு, இடுப்புப் பக்கங்கள், குதிக்கால், தோள்பட்டை, பிடரி, காது மடல். தானாகப் புரளமுடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்ற வேண்டும். 12 மணித்தியால இரவு வேலையில், ஒரு வார்ட்டுக்கு இரண்டு தாதியர் மட்டும் நின்ற காலத்தில், இதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "எல்லா நாளும் செய்ய முடியவில்லை" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

பழைய கதைகளை அவர் அவ்வளவாகச் சொல்வதில்லை. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை அந்தப் பக்கத்துப் பிள்ளைத்தாய்ச்சிகள் பாதைக்குக் காத்திருந்துதான் வரவேண்டும் என்று ஒருநாள் சொன்னார். மற்ற ஊர்க்காரர்களுக்கு: இங்கே பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு கடல்நீரைக் கடக்கும் மிதவை. சுனாமி பற்றி ஒரேயொரு தடவை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம் வேறு, லீவில் நின்றவர் ஓடிப் போயிருக்கிறார். "மருந்து கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். பெண்கள் முதலில் கேட்டது உடுப்பு. யன்னல் திரைகளைக் கழற்றிக் கொடுத்தோம்." சொல்லிவிட்டு எழும்பிப்போய்த் தேத்தண்ணீர் ஊற்றினார்.

கடிதத்தோடு முதியோர் இல்லத்துக்குப் போன முதல் சனிக்கிழமை காலை. சைக்கிளில் பஸ் நிலையத்தைக் கடக்கும்போது மான்கள் இரண்டு யாரோ எறிந்த சாப்பாட்டுப் பார்சலை இழுத்துக்கொண்டிருந்தன. (திருகோணமலை மான் என்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துப் போடுவார்களே, அவை தின்பது பெரும்பாலும் இதைத்தான்.) இல்லத்தில் ஆண்கள் பக்கத்தில் 11 பேர். பராமரிக்கும் அக்காமார் இருவர். ஆம்பிளைப் பிள்ளை ஒன்று வந்திருக்கிறது என்று அவர்களுக்குப் பெரிய சந்தோசம். தூக்கி இருத்த ஆள் கிடைத்துவிட்டது. குளிக்க வார்க்கும் வேலையும் அன்றைக்கே என் தலையில் விழுந்தது. மூதூர் வாப்பா ஒருவர் இருந்தார். அதுவரை அக்காமாரிடம் குளிக்க மறுத்து, ஈரத்துணியால் தானே துடைத்துக்கொண்டு காலம் தள்ளியவர். அவருக்குத் தொப்புளிலிருந்து முழங்கால் வரை சாரன் விலகக்கூடாது. ஈரச் சாரனுக்கு மேலாலேயே தண்ணீர் வார்த்து, காய்ந்த சாரனைத் தலைவழியாகப் போட்ட பிறகுதான் ஈரத்தை இறக்க வேண்டும். அதை அவரே எனக்குப் படிப்பித்தார். இப்போது எல்லோருக்கும் அப்படித்தான் செய்கிறேன். வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்களுக்கும் மானம் இருக்கிறது.

சிங்கள ஐயா ஒருவரும் இருக்கிறார். மிஸ்ஸியம்மா எனக்கு முதலில் எழுதித் தந்த சிங்களச் சொற்கள் மூன்று: 'வத்துர', 'ரிதெனவாத', 'கொஹெத'. தண்ணீர், நோகிறதா, எங்கே. இந்த ஊரில் வேலை செய்வதென்றால் வணக்கம் சொல்லத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நோகிறதா என்று கேட்கத் தெரியவேண்டும் என்பது அவர் கட்சி. "ரிதெனவாத சீயா?" என்று நான் கேட்டால் அவர் என் உச்சரிப்புக்குச் சிரிப்பார். சிரித்துவிட்டு முழங்காலைக் காட்டுவார்.

இனிக் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்ற ஆசிரியர், பாரிசவாதம் வந்து இடப்பக்கம் இழுத்துவிட்டது. பேச்சு கொஞ்சம் குழறினாலும் சொல்வது விளங்கும். வலது கை நன்றாக இருக்கிறது. ஆனால் சாப்பிட ஒரு யுகம் எடுப்பார். முதல் நாள் அவர் பிசைந்து பிசைந்து அரை மணித்தியாலம் இருந்ததைப் பார்த்துவிட்டு, நான் தட்டை வாங்கி ஊட்டிவிட்டேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கொப்பியில் எழுதினேன்: 'ஐயாவுக்கு ஊட்டிவிட்டேன். நன்றாகச் சாப்பிட்டார். சந்தோசமாக இருந்தார்.'

மிஸ்ஸியம்மா சிவப்புப் பேனாவை எடுத்தார். 'நன்றாக' என்பதை வெட்டினார். 'சந்தோசமாக' என்பதை வெட்டினார். "எவ்வளவு சாப்பிட்டார் என்று எழுது. அவர் சந்தோசமாக இருந்தார் என்று உனக்கு யார் சொன்னது? வலது கை இயலுமென்று நீயே சொல்கிறாய். இயலும் கையை மடியில் வைக்கப் பண்ணிவிட்டு வந்திருக்கிறாய். உனக்குத்தான் அவசரம், அவருக்கு என்ன பஸ்ஸா பிடிக்க இருக்கிறது?"

இரண்டு நாள் எனக்கு முகம் கொடுத்துக் கதைக்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். சும்மா இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று அன்று தெரிந்தது. வாத்தியார் தானே சாப்பிட்டார். 40 நிமிடம். ஆனால் பாதிச் சோறு மிச்சம். போதும் என்று சொல்லிவிட்டார். கொப்பியில் மிகக் கவனமாக எழுதினேன்: 'தானே சாப்பிட்டார். 40 நிமிடம். பாதி.'

மிஸ்ஸியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "எந்தப் பாதி?"

கேள்வியே விளங்கவில்லை. பாதி என்றால் பாதி. பாதியில் எந்தப் பாதி இருக்கிறது? பார்க்கவில்லை என்றேன். "போய்ப் பார்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். சோறு, பருப்பு, முருங்கையிலைச் சுண்டல், ஒரு துண்டு பாரை மீன். வாத்தியார் வலப்பக்கச் சோற்றை நேர்த்தியாகச் சாப்பிட்டுக்கொண்டு வந்தார். தட்டின் நடுவில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறியதுபோல நின்றுவிட்டார். கோட்டுக்கு இடப்பக்கம் ஒரு பருக்கையும் கலையவில்லை. மீனும் அங்கேதான் கிடந்தது. நிமிர்ந்து சமையல் அக்காவைப் பார்த்துக் கேட்டார்: "இன்றைக்கும் மீன் இல்லையா?"

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் இதே கதையாம். மீனைப் போட்டு வைத்தால் தொடாமல் விட்டுவிட்டு மீன் இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்கிறாராம். வயது போனால் இப்படித்தான் என்றார்.

நான் தட்டை மெதுவாகத் திருப்பினேன். அரைச் சுற்று. இடப்பக்கம் இருந்தது வலப்பக்கம் வந்தது. வாத்தியார் குனிந்து பார்த்தார். "ஆ, மீன்" என்றார். "எப்போது போட்டாய்?"

முழுவதையும் சாப்பிட்டார். நான் கிணற்றடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

மிஸ்ஸியம்மா விளக்கினார். மூளையின் வலப்பக்கத்தில் அடிபட்டால் சிலருக்கு இப்படி வரும். கண்ணில் குறையில்லை. இடப்பக்கம் என்று ஓர் உலகம் இருப்பதே மனதில் பதிவதில்லை. முகம் வழிக்கும்போது ஒரு பக்கத்தை மட்டும் வழிப்பார்கள். இடது கை கதிரைச் சில்லுக்குள் போனாலும் கவனிக்க மாட்டார்கள், அதுதான் ஆபத்து. தட்டைத் திருப்புவது ஒரு வழி. அதைவிட நல்ல வழி, இடது ஓரத்தில் ஒரு சிவப்பு அடையாளம் வைத்து, சாப்பிடும்போது அந்தச் சிவப்பைத் தேடிப் பிடிக்கப் பழக்குவது. அப்பாவின் ஓட்டோவில் ஒட்டும் சிவப்பு டேப்பில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போய்த் தட்டில் ஒட்டினேன். வாத்தியாரிடம் விசயத்தைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்படியென்றால் அந்தப் பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்கவேண்டும்" என்றார். சமையல் அக்காவைத்தான் சொன்னார். கேட்கவும் செய்தார்.

இதைப் படித்துவிட்டு நான் ஏதோ கெட்டிக்காரன் என்று யாரும் நினைக்கக்கூடாது. அதற்கு அடுத்த மாதமே பெரிய பிழை ஒன்று விட்டேன். மூலைக் கட்டிலில் ஓர் அப்பு, எப்போதும் பிளேன்ரீ கேட்பார். ஒருநாள் அக்காமார் இருவரும் பெண்கள் பக்கத்தில் நின்றபோது என்னிடம் கேட்டார். பாவம் என்று கொடுத்தேன், பாதி படுத்த நிலையிலேயே. கட்டில் தலைமாட்டில் 'நிமிர்த்தி இருத்தி, கரண்டியால் மட்டும்' என்று தடித்த எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது. நான் வாசிக்கவில்லை. இரண்டாவது மிடறில் புரைக்கேறியது. இருமல் நிற்கவில்லை, முகம் கருநீலமாகியது. என் சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கா அவரை நிமிர்த்தி முன்னுக்குச் சாய்த்துப் பிடித்தார். மெல்ல மெல்ல மூச்சு வந்தது. என் கை நடுங்கியது. கப்பை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை.

அன்று பின்னேரம் மிஸ்ஸியம்மா ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. இருமல் நின்ற பிறகு அவர் கதைத்தாரா, குரல் ஈரமாக, கொரகொரவென்று இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன். "அப்படியென்றால் நெஞ்சுக்குள் கொஞ்சம் போயிருக்கலாம். இப்போதே திரும்பிப் போ. நடந்ததைப் பொறுப்பாளரிடம் உன் வாயால் சொல். இரண்டு மூன்று நாளுக்குக் காய்ச்சலும் மூச்சும் பார்க்கச் சொல். மூச்சு கூடினால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொல்." இருட்டும் நேரத்தில் சைக்கிளை மிதித்தேன். அவ்வளவு தூரத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் உணர்ந்ததில்லை. பொறுப்பாளர் கேட்டுக்கொண்டார், எழுதிக்கொண்டார். இனி வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அப்புவுக்குக் காய்ச்சல் வரவில்லை. தலைமாட்டில் ஒட்டியிருப்பதை வாசிக்காமல் இப்போது நான் யாருக்கும் தலையணைகூடத் திருப்புவதில்லை.

இன்னொன்று. அங்கே பலர் என்னை 'டொக்டர் தம்பி' என்று கூப்பிடுவார்கள். வெள்ளைச் சேட் போட்ட பையன் என்றால் டொக்டர்தான். உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் இனித்தது. அம்மா ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்தபோது அதைக் கேட்டுவிட்டு முகம் மலர்ந்ததும் எனக்குத் தெரியும். மிஸ்ஸியம்மாவுக்கு இது எப்படியோ எட்டிவிட்டது. ஒவ்வொரு தடவையும் திருத்த வேண்டும் என்றார். டொக்டர் என்று நினைத்து உன்னிடம் நெஞ்சு நோவைச் சொல்லிவிட்டு, சொல்லவேண்டிய ஆளிடம் சொல்லாமல் விட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். திருத்துகிறேன். "டொக்டர் இல்லை அப்பு, உதவிக்கு வருகிற பிள்ளை." சிலருக்கு ஒரே காலையில் நான்கு தடவை சொல்லவேண்டியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை வாத்தியாருக்குத் தடிமன். மூச்சு எப்படி என்று பார்த்து எழுதச் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் இருந்து மணிக்கட்டைப் பிடித்தேன். ஒரு நிமிடம் நாடி, 82. கையை விடாமல், அவர் சேட்டின் இரண்டாவது பொத்தானைப் பார்த்துக்கொண்டு, முகத்தை நாடி பார்ப்பவனைப் போலவே வைத்துக்கொண்டு, இரண்டாவது நிமிடத்தைத் தொடங்கினேன். மிஸ்ஸியம்மாவே பார்த்தாலும் குறை சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

"எத்தனை?" என்றார் வாத்தியார்.

"82 ஐயா."

"அதைக் கேட்கவில்லை. மூச்சு எத்தனை? எனக்கு 19 வந்தது."

என்னிடம் 20 இருந்தது. மறுபடியும் எண்ணச் சொன்னார்.